பாட்டின் மறுபாதி

அடில்சன் முதல் தடவை பாடி முடித்தான். பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

எங்கள் சம்பா ஆட்ட முற்றத்தில் ஒரு சட்டம் உண்டு. கார்னிவல் திருவிழாவுக்குப் புதுப்பாட்டு கொண்டுவருகிறவன் முதல் பாதியை மட்டும் பாட வேண்டும். பெண்கள் வாங்கிப் பாடினால் மறுபாதிக்குப் போகலாம். மூன்று தடவைக்குள் வாங்கவில்லையென்றால் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

ஜாந்திரா வாய் திறக்காமல் மற்றப் பெண்கள் திறக்க மாட்டார்கள்.

ஜாந்திரா என் மனைவி. என்னைக் கட்டுவதற்கு முன்னால் இந்த அடில்சனின் காதலி.

அவளிடம் சொல்லாமல் சாவ் பாவ்லோ நகரத்துக்கு ஓடிப்போனவன், போன மாதம்தான் திரும்பியிருந்தான்.

"அவன் மூஞ்சியக்கூட நான் இன்னும் பாக்கல, பாக்கவும் வேணாம்" என்று காலையில் பீன்ஸ் கழுவிக்கொண்டே சொன்னாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

இரண்டாம் தடவை ஆரம்பித்தான்.

ஊரெல்லாம் விளக்கு, உன் சன்னலில் மட்டும் இருட்டு. யாருக்காக ஆடுவேன் இந்தத் திருவிழாவில்?

பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை.

பெரிய முரசு என்னுடையது. பாட்டு செத்துப்போக வேண்டும் என்று செபஸ்தியாரை வேண்டிக்கொண்டே அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெண்களின் தோள்கள் ஆடத் தொடங்கிவிட்டன. ஜாந்திரா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பக்கத்தில் கைமுரசு அடித்த பியூ சிரித்தான். "என்ன மச்சான், பாடுறது அவன், வேர்க்கிறது ஒனக்கா?"

மூன்றாம் தடவை. கடைசி வரியும் வந்துவிட்டது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஜாந்திரா தலையை நிமிர்த்தினாள். பாடினாள்.

முற்றமே எழுந்து நின்றது. போகட்டும், பாட்டைத்தானே வாங்கினாள், ஆளை இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் பாதி முடிந்தது. இனி மறுபாதியை அடில்சன் பாடிக் காட்ட வேண்டும். அவன் மூச்சை இழுத்தான்.

ஜாந்திரா நிறுத்தவில்லை.

மழை நின்றதும் கிளம்பிப் போனாயே, உன் கூந்தல் ஈரம் என் தோளில் இன்னும் காயவில்லையே...

அடில்சன் திறந்த வாயோடு நின்றான்.

அந்த முற்றத்தில் அவன் இன்னும் பாடாத வரிகள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், முழுத் தொண்டையில் பாடிக்கொண்டு போனாள். பின்னால் நின்ற பெண்கள் அவளிடமிருந்தே வரி வரியாக வாங்கிப் பாடினார்கள். இருந்த குஷியில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

இரண்டு தடவை அவள் வாயைக் கட்டிக்கொண்டு நின்றதைக் கோபம் என்று நினைத்தேனே.

பாதி வரியில், தான் பாடுவது எந்த வரி என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கண்கள் நேராக என்னிடம் வந்தன. வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

முரசு நின்றால் பாட்டு அங்கேயே விழுந்துவிடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.