பொட்டு வைத்த மோடம்

இது நான் நேரில் பார்த்ததல்ல. ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தோழி சொன்னது.

அங்கே அலமாரி மேல் மோடமும் ரவுட்டரும் அருகருகே இருந்தன. வெளியிலிருந்து வரும் இணைப்பை மோடம் வாங்கித் தரும். ரவுட்டர் அதை எல்லாக் கணினிகளுக்கும் பங்கிடும். ஆயுத பூஜையன்று முதலாளி குணசீலன், பழைய மெஷின் என்று மோடத்துக்கு மட்டும் சந்தனப் பொட்டு வைத்தார். லைன் அறுந்தால் சிவப்பாக எரியும் விளக்கை அந்தப் பொட்டு மூடிவிட்டது.

மறுநாளே லைன் அறுந்தது.

"அண்ணே, கொஞ்சம் சூடாகுங்க. காஞ்ச சந்தனம் தானா உதிர்ந்துரும். சிவப்பு வெளிய தெரியட்டும்" என்று ரவுட்டர் கெஞ்சியது.

"போடா தம்பி. இத்தனை வருஷத்துல இப்பத்தான் எனக்குன்னு ஒரு மரியாதை கெடச்சிருக்கு."

குணசீலன் வந்தார். "எப்பப் பாரு இந்தச் சனியனாலதான்" என்று ரவுட்டரின் ரீசெட் துளையில் ஊசியை விட்டு அழுத்தினார்.

"குத்துறாருண்ணே! ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

"பொறுத்துக்கோடா. உனக்குப் பழக்கம்தானே."

குத்திய குத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ரவுட்டருக்கு மறந்துபோயின. "இது செத்துருச்சு" என்று குணசீலன் அதைக் கழித்த ஒயர்கள் கிடக்கும் அட்டைப்பெட்டியில் போட்டார். சாயங்காலம் புது ரவுட்டர் வந்தது.

"அண்ணே, லைன் வரலையே?" என்று அது கேட்பது பெட்டிக்குள்ளும் கேட்டது.

பிறகு நானே அங்கே போய்ப் பார்த்தேன். பெட்டியில் மூன்று ரவுட்டர்கள் கிடந்தன. பொட்டை நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிவப்பாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.