சட்டியில் ஊறும் செயின்

டயரைக் கழற்றிய பின்சக்கரத்தை கூடத்தைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் அடுப்பின் தட்டையான தலையில் படுக்க வைத்திருந்தார் முனேஹாரு. வழக்கமாகத் தேநீர்க் கெண்டி உட்காரும் இடம் அது.

வெளியே பனிக்குவியலுக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றிய புது பேரிங் காலையிலிருந்து குளிர்ந்துகொண்டிருந்தது.

சூட்டில் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் கொஞ்சம் விரியும். குளிரில் பேரிங் கொஞ்சம் சுருங்கும். இரண்டும் பழைய நிலைக்கு வருவதற்குள் ஓடி வந்து வைத்தால், சுத்தியல் தொடாமலே சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பனி கொட்டும் ஊரான நயோரோவின் குளிர்காலம் மோட்டார் சைக்கிள் பைத்தியங்களுக்குச் செய்யும் ஒரே உபகாரம் இதுதான். மற்றபடி பனி கரையும்வரை வண்டி கொட்டகையில் தூங்கும். மனுஷன் அதைப் பிரிப்பதும் பூட்டுவதுமாகப் பொழுதைப் போக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த வேலையெல்லாம் கொட்டகையில் நடக்க வேண்டும். கூடத்தில் அல்ல.

அவர் மனைவி நோபுயே போட்ட சட்டம் அது. செருப்பு கழற்றும் படியோடு கிரீஸும் எண்ணெயும் நின்றுவிட வேண்டும். பேட்டரிக்கு மட்டும் விலக்கு, அதுவும் வாசல் மூலையில், பழைய பேப்பர் விரித்து. ஒருமுறை கார்புரேட்டரைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தபோது மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"இது வீடா, மெக்கானிக் கடையா? ஒண்ணு அது வெளிய இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்!"

அன்று இரண்டு பேருமே வெளியேதான் இருந்தார்கள், அவரும் கார்புரேட்டரும். விரல் மரத்துப்போயிருந்தாலும் அவர் சிரித்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்.

உடம்புக்கு முடியாத தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள, தெற்கே கடலோர ஊரான ஹகோதாதேவுக்குப் போனவள் நோபுயே. இலையுதிர்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தார். நாற்பத்தொன்பதாம் நாள் காரியமும் முடிந்தது. அம்மாவின் வீட்டை ஒழுங்கு பண்ணிவிட்டு வருகிறேன் என்றாள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் வீடு.

ஒரு வீட்டை எவ்வளவு காலம்தான் ஒழுங்கு பண்ணுவது?

வருகிறாயா, மாட்டாயா என்று நேராகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அவள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவே இல்லை.

அதனால் சட்டத்தை மீறினார்.

முதலில் கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் பரப்பி, போனில் படம் எடுத்து அனுப்பினார். பார்த்துவிட்டாள் என்ற குறி வந்தது. பதில் வரவில்லை. அப்புறம் பெட்ரோல் டாங்க், அவள் உட்காரும் திண்டின் மேலேயே. பார்த்தாள். சைலன்சரைக் குளியல் தொட்டிக்குள் படுக்க வைத்து அதையும் அனுப்பினார். அதையும் பார்த்தாள், அவ்வளவுதான்.

பனி தள்ள வந்த பக்கத்து வீட்டு ஒகுயாமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"என்னண்ணே, வண்டிக்கு மாப்பிள்ளை மரியாதை நடக்குது! அண்ணி மட்டும் வந்து பாத்தாங்க, உங்களப் பனியிலயே புதைச்சிருவாங்க."

"வந்து புதைக்கட்டும்ப்பா," என்றார் முனேஹாரு. மனதாரத்தான் சொன்னார்.

இன்று காலை, துணிந்து அந்தக் காரியத்தையும் செய்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய மண்சட்டியை இறக்கினார். குளிர்காலம் முழுக்க அதில்தான் மீனும் முட்டைக்கோஸும் கொதிக்கும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தில் ஆவி அடிக்க அள்ளிச் சாப்பிடுவார்கள். அதைக் கழுவக்கூட அவரை விடமாட்டாள் அவள்.

சமையலறையில் வைத்து அதில் மண்ணெண்ணெயை ஊற்றி, அழுக்குச் செயினைச் சுருட்டிப் போட்டார். மண்பாண்டம் எண்ணெயைக் குடித்துவிடும், இனி அந்தச் சட்டி சமையலுக்கு ஆகாது என்று தெரிந்தேதான் போட்டார். அதையும் படம் எடுத்து அனுப்பினார்.

இதற்குக் கத்தாமல் அவளால் இருக்கவே முடியாது. போனில் கத்தினால் போதும். ரயிலேறி வந்து கத்தினால் இன்னும் நல்லது. காலில் விழுகிறேன், புதுச் சட்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்வதற்கு வார்த்தைகளைக்கூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார்.

விரலில் எச்சில் தொட்டு ஹப்பில் வைத்தார். சுர்ரென்றது. ஓடிப்போய்ப் பனியைக் கிளறி, பேரிங்கை எடுத்துக்கொண்டு செருப்போடு உள்ளே வந்தார்.

போன் அடித்தது. நோபுயே.

பேரிங்கை ஒரு கையில் இறுக்கிப் பிடித்தபடியே எடுத்தார். அவருக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது.

"தப்புதான். திட்டு," என்றார், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"எதுக்குத் திட்டணும்? வெளிய இந்தக் குளிரு குளிருது. கொட்டகைல நின்னு எதுக்குக் கஷ்டப்படணும்? இனிமே உள்ளயே வச்சு வேலை பாருங்க. உங்களுக்கு எப்படித் தோதோ அப்படி வச்சுக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு தன்மையாகப் பேசி அவர் கேட்டதில்லை. அடுப்பின் மேல் சக்கரம் தயாராக இருந்தது. அவர் நகரவில்லை. கையிலிருந்த பேரிங் மெல்ல மெல்லக் குளிர் விட்டது.

"சட்டி போச்சே, நோபுயே."

"போகட்டும். நான் இங்க ஒண்ணு வாங்கிட்டேன்."

"நல்ல சட்டியா?"

"சின்னதுதான்," என்றாள். "எனக்குப் போதும்."