ஏற்றிவிட்டவர்கள்

லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது.

உள்ளே ஒரே குடும்பம். மாமனார், மாமியார், மச்சான், புது மாப்பிள்ளை, அவன் மனைவி.

அலாரம் மணியை அழுத்தி அழுத்தி மாமனாரின் கட்டைவிரல் சிவந்துவிட்டது. யாரும் வரவில்லை. மச்சான் கதவை இழுத்துப் பிளந்தபோது முகத்துக்கு நேரே சுவர். உச்சியில், நான்காம் மாடித் தரைக்கு மேலே, ஓர் ஆள் படுத்து நுழையும் அளவுக்கு இடைவெளி.

ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேர் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"நம்ம மாப்பிள்ளை இருக்கறப்ப என்ன கவலை?" என்று அவன் தோளில் கை போட்டார் மாமனார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

மாமியார் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். இறுகிப்போன எண்ணெய் டப்பாவை மாப்பிள்ளை ஒரே திருகில் திறந்ததைக் கோட்டையைப் பிடித்த கதைபோலச் சொன்னார். மச்சான் தன் பங்குக்கு, மாப்பிள்ளை ஆளுயரச் சுவரைத் தாண்டியதைச் சொன்னார். துரத்தி வந்த நாயைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. கண் மட்டும் அந்த இடைவெளியை விட்டு அகலவில்லை.

மாமியார் அவனுடைய வாட்ச், மோதிரம், பர்ஸ் எல்லாவற்றையும் வாங்கிப் பத்திரமாகத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இதுவரை ஒரு டம்ளர் தண்ணீர்கூட நீட்டாத மச்சான், அவன் கால் வைத்து ஏற இரண்டு கைகளையும் கோத்து நீட்டினார்.

மனைவி சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலக் கிட்டே வந்தாள்.

"பயமா இருக்குன்னு சொல்லிடுங்க," என்றாள் காதோடு. "இப்ப விட்டா அப்புறம் எப்பவுமே சொல்ல முடியாது."

தூக்கிய காலை அவன் கீழே வைத்தான்.

"மாமா, எனக்குப் பயமா இருக்கு."

தோளில் இருந்த மாமனாரின் கை இறங்கியது. மச்சான் கைகளைப் பிரித்துக்கொண்டார்.

மூன்று பேரின் பார்வையும், பழகிய மாடு தொழுவம் திரும்புவதுபோல, தானாகவே மனைவி பக்கம் திரும்பியது.

"இவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதே," என்றார் மாமியார். "தண்ணித் தொட்டியில பாம்பு விழுந்தப்ப யாரு இறங்கினா?"

பையை மறுபடி திறந்து, மகளின் வளையல்களுக்காகக் கையை நீட்டினார்.

அவள் வளையலைக் கழற்றவில்லை.

"அன்னைக்கும் பயமாத்தாம்மா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் யாரும் யாரையும் புகழவில்லை. மச்சான் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று தன் தொப்பையை முன்னால் தள்ளி நின்றார்.

அப்போது லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, சரசரவென்று கீழே இறங்கியது. உச்சியில் இருந்த இடைவெளி, கண் மூடித் திறப்பதற்குள் சுவராகிவிட்டது.

மூன்றாம் மாடியில் நின்று, வெளிக்கதவும் திறந்தது. எதிரே நல்ல வெளிச்சம்.

முதலில் யார் கால் வைப்பது என்று, ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.