ஆயிரத்துக்கு ஒரு கேசரி

"ஆயிரம் ரூபாய்க்கு வித்தா முந்நூறு ரூபாய் லாபம். அதுக்கு நானூத்தம்பது ரூபாய்க்குக் கேசரி. இது எந்த ஊரு வியாபாரங்க?" என்று கேட்டாள் மனைவி சத்யா.

முத்துவேல் வாசலில் தொங்கிய சிலேட்டின் சட்டத்தைத் துடைத்தான். செந்துறை பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் கவர் கடை திறந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. முதல் நாளிலிருந்து மொத்தம் எவ்வளவுக்கு விற்றது என்று சாக்பீஸால் எழுதி, ரோட்டில் போகிறவர்களும் பார்க்கும்படி மாட்டியிருந்தான். ஒவ்வொரு ஆயிரம் தாண்டும்போதும் பக்கத்து டிபன் கடையில் முப்பது கிண்ணம் கேசரி வாங்கித் தெருவுக்கே கொடுப்பான். சின்ன வெற்றியைக் கொண்டாடினால்தான் பெரிய வெற்றி வரும் என்று கோட்டு போட்ட ஒருவர் வீடியோவில் சொல்லியிருந்தார். கேசரிக்கு யார் காசு கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை. முத்துவேலின் பி.எஃப். பணம்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

"கடை ஓடலைன்னு யாரு சொன்னா? கேசரியில ஓடுதுல்ல" என்றான். நம்மை நாமே கிண்டல் செய்துகொண்டால் அடுத்தவர் கிண்டல் உறைக்காது என்பது அவன் கட்சி.

சத்யா சிரிக்கவில்லை. ஆடி முடிவதற்குள் சிலேட்டில் ஐம்பதாயிரம் வரவேண்டும், வராவிட்டால் கடையை மூடிவிட்டு அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் மூட்டை பிடிக்கும் வேலைக்கே திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. அங்கே சூப்பர்வைசராக இருக்கும் அவள் அண்ணன் ராசாங்கம் அதுவரை அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். ஆறு வருஷம் சிமெண்டுத் தூசியைத் தின்ற முத்துவேலுக்கு அதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

இன்று ஆடி கடைசி நாள். சிலேட்டில் 49,910. தீர்ப்பைக் கையோடு வாங்கிப்போகத்தான் சத்யா கடைக்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

மாலை ஆறு மணி வரை ஈ, காக்கைகூட வரவில்லை. பேசாமல் நாமே ஒரு கவர் வாங்கிவிடலாமா என்று முத்துவேலுக்குத் தோன்றியது. சத்யாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த யோசனையை விழுங்கிவிட்டான்.

ஆறரைக்கு மஞ்சள் பையும் கையுமாக ஒரு பெரியவர் வந்து, நூறு ரூபாய்க்கு ஒரு கவர் கேட்டார்.

"எந்த போனுக்குங்க?"

"ஏதாச்சும் ஒண்ணு குடுங்க தம்பி."

இப்படி மாடல் சொல்லாமல் வாங்கிப்போகிறவர்கள் அவனுக்கு நிறையப் பேர் உண்டு. கடை மேல் ஊருக்கு இருக்கும் நம்பிக்கை என்று அவன் அதற்குப் பெருமைப்பட்டுக்கொள்வான். இன்றைக்கும் பட்டுக்கொண்டான். நூறு ரூபாய் நோட்டைக் கண்ணில் ஒற்றிவிட்டு 50,010 என்று எழுதினான்.

சத்யா சொன்ன சொல் தவறாதவள். அங்கேயே நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்த இடத்தை வேற யாருக்காச்சும் குடுத்துடு. இவரு பொழைச்சுக்குவாரு போலிருக்கு."

இடத்துக்கு ஏற்கெனவே நான்கு பேர் காத்திருந்தார்களாம். இப்போதே ஒருவனை வரச் சொல்லிவிடுவதாகக் கூறி ராசாங்கம் போனை வைத்தார். சத்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு ஐம்பது கிண்ணமாகவே வாங்கிக்கொள்ளும்படி சொன்னாள். மூன்று மாதத்தில் அவள் வாயிலிருந்து கேசரிக்கு வந்த முதல் அனுமதி அது.

முத்துவேல் டிபன் கடைக்கு ஓடினான். அதை நடத்தும் சிந்தாமணியும் அவன் கடை திறந்த அதே வாரத்தில்தான் அடுப்பு மூட்டியவள். ஐம்பது கிண்ணம் என்றதும் அவள் ரவையை அளக்கத் தொடங்கினாள். அவனுக்கு மனசு தாங்கவில்லை. இத்தனை நாள் கேசரி கிண்டிய கைக்கு ஏதாவது செய்யவேண்டும்போல் இருந்தது.

"உங்க போனைக் குடுங்கக்கா. நல்ல கவரா போட்டுத் தரேன். காசு வேணாம்."

சிந்தாமணி இடுப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினாள். ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது.

"இதுக்கு எதுக்கு தம்பி கவரு?"

அப்போதுதான் பெஞ்சில் தோசை தின்றுகொண்டிருந்தவரை அவன் பார்த்தான். மஞ்சள் பைப் பெரியவர். அவர் பையிலிருந்து கவரை எடுத்து, "இந்தாம்மா, சொன்ன மாதிரி வாங்கியாந்துட்டேன். அந்த நூறை என் தோசைக் கணக்குல கழிச்சுக்க" என்று நீட்டினார். சிந்தாமணி அதை வாங்கி மேசைக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியில் போட்டாள். பெட்டி நிறைய முத்துவேல் கடை ஸ்டிக்கர் ஒட்டிய கவர்கள் கிடந்தன.

அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"ஆயிரத்துக்கு நூறு குறைச்சலா நீ நிக்கறப்பல்லாம் ஒரு ஆளை அனுப்பிடுவேன் தம்பி. நூறு போட்டா நானூத்தம்பதுக்கு யாவாரம். எனக்கும் கடை புதுசுதானே?" என்றவள், சட்டியில் மிச்சமிருந்த கேசரியை ஒரு கிண்ணத்தில் வழித்து அவன் கையில் வைத்தாள். "சாப்புடு. இதுக்கு மட்டும் காசு வேணாம்."