நடுக்கடல் தண்ணீர்

மீன்பிடித் துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கஸ்பார் எந்த மீனையும் அடுப்புக்கு விடுவதில்லை. அன்றும் ஒரு விளைமீனைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்காரி ரெஜினாவிடம் சொன்னார்.

"உப்பு போடாத பிள்ள. கடல் தண்ணி ஊத்திக் கொதிக்க விடு. படகுல நாங்க அப்படித்தான் வைப்போம்."

"இந்தத் தண்ணியிலயா மாமா? டீசல்லா மிதக்கு. குழம்பு தீப்பிடிச்சிரும்."

கண் ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து மகன் அவரைக் கடலுக்கு விடவில்லை. நாலு வருஷமாக எங்கே தின்றாலும் நாக்கு அந்தக் குழம்பைத்தான் கேட்டது.

பக்கத்து மேசையில் சாப்பிட்டு எழுந்த படகோட்டி ஜெரோன் சொன்னான்: "இந்தா கிளம்புறோம். நடுக்கடல்ல ஒரு கேன் தண்ணி கோரிட்டு வாரேன் பெரியவரே. நாளைக்குக் குழம்பு வைக்கச் சொல்லும்."

"நீ துறைமுக வாசல்லயே கோரிட்டு நடுக்கடல்னு சொல்லுவ. ஒங்கப்பனும் அப்படித்தான்."

"அப்ப ஒம்ம மவன விடும்."

"அவன் குழாய்த் தண்ணியில உப்பக் கரைச்சிட்டு வருவான்."

"பின்ன யாருதான் கோருறது?"

ரெஜினா காலி எண்ணெய்க் கேனைக் கழுவி ஜெரோனிடம் நீட்டினாள். கஸ்பார் நடுவில் புகுந்து அதைப் பிடுங்கிக்கொண்டு ஜெரோனின் படகை நோக்கி நடந்தார்.

"மாமா, ஒங்க மவன் கேட்டா நான் என்ன சொல்ல?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, படகின் விளிம்பில் வலது காலை வைத்தார். இடது கால் கரையில் இருந்தது. யாரோ கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு கால்களுக்கும் இடையில் தண்ணீர் மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது.