ஞாபகக்காரி வேஷம்

"வசனம் எங்கம்மா? பேப்பரே குடுக்கலையே!" என்று கேட்டார் பவுனம்மாள், கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக.

"வசனம் கிடையாதும்மா. டாக்டர் கேப்பாங்க, நீங்க பதில் சொல்லணும். அவ்வளவுதான்" என்றாள் மகள் ஷாமினி.

"வசனம் இல்லாத நாடகமா? எங்க காலத்துல இதெல்லாம் ஒத்துக்கவே மாட்டோம்லா."

சொல்லிவிட்டு இருமினார். ஷாமினி கைப்பையிலிருந்து இருமல் மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வருஷமாகவே இந்த இருமல்தான். மருந்துக்கு மேல் மருந்து வாங்கியாகிவிட்டது. எதற்கும் மசிவதாக இல்லை.

ஆனால் மேருவிலுள்ள வீட்டிலிருந்து கிள்ளானில் இருக்கும் இந்தக் கிளினிக்குக்கு வந்தது இருமலுக்காக இல்லை. போன மாதம் அம்மா யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போய், முன்பு குடியிருந்த, எப்போதோ இடித்துவிட்ட ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றிலிருந்து ஷாமினிக்குத் தூக்கமில்லை. ஞாபகத்தைப் பரிசோதிக்கலாம் என்று சொன்னாலே, "எனக்கென்ன பைத்தியமா?" என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வார் அம்மா.

தமிழிலேயே கேள்வி கேட்கும் பரிசோதனை இந்தக் கிளினிக்குக்கு இப்போதுதான் வந்திருந்தது. டாக்டர் நஸ்ரினைக் கெஞ்சிக் கூத்தாடி ஷாமினி ஓர் ஏற்பாடு செய்தாள். அம்மா ஒரு காலத்தில் வானொலி நாடக நடிகை. நடிக்கக் கூப்பிட்டால் காய்ச்சலோடும் எழுந்து வருவார். "நர்ஸ் மிஸ்ஸிங்களுக்குப் பயிற்சியாம்மா. நல்ல ஞாபகம் உள்ள ஒரு அம்மா எப்படிப் பதில் சொல்லுவாங்கன்னு நடிச்சுக் காட்டணுமாம்" என்றதுதான் தாமதம், பட்டுப்புடவை வெளியே வந்துவிட்டது.

"இந்த ஒரு தடவைதான் இப்படி. முடிவை நான் அவங்ககிட்ட நேராத்தான் சொல்வேன்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இன்னொன்னு, நீங்க பக்கத்துல இருக்கலாம். ஆனா எதையும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

டாக்டரின் அறைக்குள்ளே இரண்டு நர்ஸ்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பவுனம்மாள் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு டாக்டர் எதிரே அமர்ந்தார்.

"மூணு வார்த்தை சொல்றேம்மா. மனசுல வச்சுக்குங்க, அப்புறம் கேப்பேன். குடை, கத்திரிக்கா, ரயில்."

"குடை! கத்திரிக்கா! ரயில்!"

அறை அதிர்ந்தது. அந்த வயதில் அப்படி ஒரு குரலை நர்ஸ்கள் எதிர்பார்க்கவில்லை.

"இது என்ன மாசம்?"

பவுனம்மாள் அழகாகச் சிரித்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். இருமினார்.

ஷாமினியின் உதடுகள் தானாக அசைந்தன. டாக்டர் கண்ணாலேயே தடுத்தார். அவள் தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாள்.

"மழை மாசம்லா" என்றார் பவுனம்மாள், ஒரு மடக்கு குடித்துவிட்டு.

கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார் டாக்டர். வட்டம் நன்றாகவே வந்தது. எண்களெல்லாம் பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் போல ஒரே பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"முதல்ல நான் சொன்ன மூணு வார்த்தை?"

மறுபடியும் இருமல். இந்த முறை நீளமாக. மறுபடியும் மகள் பக்கம் ஒரு பார்வை. ஷாமினி பாட்டிலை நீட்டினாள்.

"ரயில்..." என்றார் பவுனம்மாள். சட்டென்று முகம் மலர்ந்தது. "டாக்டர், பிரிக்பீல்ட்ஸ்ல எங்க வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் போகும். நான் ஒத்திகை பாக்குறப்போ ரயில் வந்தா, வசனத்தை நிறுத்தி, அது போனப்புறம் விட்ட எடத்துலேர்ந்து அழுவேன்! ஞாயித்துக்கெழமை நாடகம்னா குவார்ட்டர்ஸ்ல அத்தனை வீட்டு ரேடியோவுலயும் நான்தான். சோறு அடிபிடிச்சாலும் ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டா. மறுநா காலையில பக்கத்து வீட்டு வீரம்மா வந்து, 'ஏன்டி எங்களை அப்படி அழவச்சே?'ன்னு சண்டை பிடிப்பா."

ஒவ்வொரு வீட்டிலும் யார் இருந்தார்கள், யார் வீட்டு ரேடியோ கரகரக்கும், யார் வீட்டு மீன்குழம்பு மணக்கும், எல்லாம் வரிசையாக வந்தது. டாக்டரே கேள்வியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். குடையும் கத்திரிக்காயும் மட்டும் கடைசிவரை வரவில்லை.

வெளியே டாக்டர் ஷாமினியைத் தனியாக நிறுத்தினார். "அடுத்த வாரம் ரெண்டு பேரும் வாங்க. அம்மாகிட்ட நானே பேசுறேன். ஸ்கேன் எடுக்கணும். ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, நம்மால செய்யக்கூடியது நெறைய இருக்கு."

"அந்த இருமலுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன் டாக்டர்."

"ஸ்டெத் வச்சுப் பாத்துட்டேன், நெஞ்சு சுத்தமா இருக்கு. சளியே இல்லையே!"

காரில் ஏறியதும் அம்மாவுக்கு இன்னொரு மிட்டாயைக் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிட்டு, "நல்லா நடிச்சீங்கம்மா" என்றாள் ஷாமினி, சாலையைப் பார்த்தபடியே.

"ஞாபகம் நல்லா இருக்கிறவளைக் காட்டணும்னா, அப்படி ஒருத்தியைக் கூட்டிட்டு வந்தாப் போதுமே. அதுக்கு நடிகை எதுக்கும்மா?"

ஷாமினி காரை ஓரமாக நிறுத்தினாள். "தெரிஞ்சேவா வந்தீங்க?"

"பயமா இருந்துச்சு. நாடகம்னு நீ சொன்னதும் கொஞ்சம் தைரியம் வந்துச்சு" என்றார் பவுனம்மாள். பிறகு கண்ணாடி வழியே மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பல்லாம் நாடகம் நேரடியாப் போகும். மைக் முன்னால வசனம் மறந்துபோச்சுன்னா இருமுவோம். இருமல் கேட்டதும் கூட நடிக்கிறவங்க சட்டுன்னு எடுத்துக் குடுப்பாங்க. ரேடியோ கேக்குறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

வாயிலிருந்த மிட்டாயை எடுத்துக் காகிதத்தில் மடித்தார்.

"ஒரு வருஷமா உன்னைப் பார்த்து இருமிக்கிட்டே இருக்கேன் ஷாமினி. நீ என்னடான்னா, மருந்தா வாங்கிக் குடுக்குறே."