விழுங்கும் வரை

"வாயைத் திறங்கண்ணே. நாக்கைத் தூக்குங்க."

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அதட்டினாள் அவள். இந்தப் பக்கம் டிரைவர் ஆயுள் தண்டனைக் கைதியைப் போல வாயைப் பிளந்தார்.

"கன்னத்துல ஒதுக்கி வச்சிருக்கீங்களே, அதையும் முழுங்குங்க."

இருபது வருஷம் பஸ் ஓட்டி ஊரையே சுற்றியவர், நாலு மாதமாகச் சொந்த வீட்டின் பின்னறையில் அடைபட்டுக் கிடந்தார். காசநோய். அதுவும் வழக்கமான மருந்துக்கு மசியாத ரகம். மனைவி வாசற்படியோடு நின்று பேசுவாள். மகள் போனில் பேசுவாள், பக்கத்து அறையிலிருந்து!

தினமும் காலை எட்டு மணிக்குச் சுகாதார நிலையத்திலிருந்து இவள் வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று மாத்திரை கொடுப்பாள். அவர் விழுங்குவதைக் கண்ணால் பார்க்காமல் நகரமாட்டாள். வயது நாற்பதுகூட இருக்காது, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். அதட்டும்போது மட்டும் வாங்காது. 'வார்டன்' என்று பெயர் வைத்திருந்தார் டிரைவர்.

இன்று மாத்திரையை உள்ளங்கையில் துப்பினார்.

"போதும்மா! இருமல் நின்னு மாசமாச்சு. இப்ப இந்த மாத்திரைதான் என்னை நோயாளி ஆக்குது. காதுக்குள்ள வண்டு ரீங்காரம் போடுது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது."

"இதுவரைக்கும் செத்தது நோஞ்சான் கிருமிங்கண்ணே. மருந்து பட்டதும் அதுங்கதான் முதல்ல சாகும். முரட்டுக் கிருமி கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். இப்ப நிறுத்தினா அதுங்க மட்டும் மிஞ்சிப் பெருகும். அப்புறம் இந்த மருந்துக்கும் அடங்காது."

"நான்தான் எதையும் பாதியில நிறுத்தலையே? எனக்கு ஏன் முதல்லயே மருந்து கேட்கல?"

அவள் கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாதியில நிறுத்தின யாரோ ஒருத்தர்கிட்டேருந்து தொத்தியிருக்கு. அவங்க உடம்புல மிஞ்சின முரட்டுக் கிருமியே நேரா உங்களுக்கு வந்துருச்சு."

டிரைவருக்கு ரத்தம் தலைக்கேறியது. "எவனோ செஞ்ச வினைக்கு நான் ஜெயில்ல கிடக்கேன். அவன் ஜாலியா ஊர் சுத்திட்டிருப்பான்! அவன் மட்டும் என் கையில கிடைச்சா..."

"கிடைச்சா என்ன செய்வீங்க?"

கம்பியை இறுக்கிப் பிடித்தார். அடிப்பேன், உதைப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வந்தது வேறு.

"'என் பொண்ணு என்னைத் தொட்டு நாலு மாசமாச்சு, தெரியுமாடா?'ன்னு கேட்பேன்."

அவள் நாலு மாதத்தில் முதல் தடவையாக முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். ஒட்டிய கன்னங்கள். ஈரமான கண்கள். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தவித்தார் டிரைவர். நேருக்கு நேராக அல்ல... பஸ்ஸில் தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடியில்!

"நீங்களாவது பாதியில நிறுத்தாம முழுசா முழுங்குங்கண்ணே," என்றாள் அவள். "தினமும் உங்க முதுகுக்குப் பின்னாடி சீட்டுல இருமிக்கிட்டே வந்தவ நான்தான்."